குடை மடக்கிய நாள்

1957 ஜூலை 8, திங்கட்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். இஸ்திரி போட்டு வைத்திருந்த காற்சட்டையை அணிந்துகொண்டு ஹட்டன் கடைவீதிக்கு வந்து, மாடியிலிருந்த அலுவலகத்தைத் திறந்தேன். வரைபலகையைத் துடைத்தேன், பென்சில்களைச் சீவினேன், அளவு நாடாவையும் குடையையும் எடுத்து வைத்தேன். சற்று நேரத்தில் எங்கள் ஆர்க்கிடெக்ட் ஐயாவின் மொரிஸ் கார் கீழே வந்து நின்று ஹார்ன் அடித்தது. அன்று அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அதை நிர்வகிக்கும் பெரிய துரைக்குப் புதுப் பங்களா கட்டுவதற்கு இடம் அளக்கப் போனோம்.

ஐயா யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் தமக்கு வரவேண்டிய வேலைகள் தமிழர் என்பதால் கைமாறிப் போகின்றன என்று மனம் கசந்து, மலைநாட்டுக்கு வந்து அலுவலகம் திறந்தவர். நான் அவரிடம் படம் வரைபவனாகச் சேர்ந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, ஹட்டன் மிஷன் பள்ளியில் படித்தவன் நான். 1948 சட்டத்தால் மற்றத் தோட்டத் தமிழர்களைப் போலப் பிரஜாவுரிமை இல்லாமல் போன எனக்கு அரசாங்க வேலை கிடைக்காது. ஆர்க்கிடெக்ட் சோதனை எழுதுவதென்றால், ஒரு கட்டிடத்தை அத்திவாரம் முதல் கூரை வரை முன்நின்று பார்த்ததாக ஐயா கையெழுத்து வைத்துத் தரவேண்டும். அந்தப் பங்களாவை அவர் எனக்கென்றே ஒதுக்கியிருந்தார். "இது முடிய நான் கையெழுத்து வைக்கிறன், நீர் சோதனைக்குப் போம்" என்று காரில் போகும்போதுகூடச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

துரை வெள்ளைக்காரர். பழைய பங்களாவின் விறாந்தையில் எங்களை எதிர்கொண்டு என்னோடும் கைகுலுக்கினார். என்னை மிஸ்டர் என்று அழைத்து ஆங்கிலத்தில் பேசினார். பூப்போட்ட கோப்பையில் தேநீர் வந்தது. விறாந்தை மூலையிலிருந்த மேசையைக் காட்டி, வேலை முடியும் வரை அதிலிருந்தே நான் வரையலாம் என்றார். அந்த மேசை எவ்வளவு நீளம், எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுகிறது என்பதையெல்லாம் கண்ணாலேயே அளந்துவிட்டேன்.

பிற்பகலில் மழை பிடித்தது. ஐயா மேட்டில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருக்க, மறுமுனையோடு நான் கீழே பாதையில் குடை பிடித்து நின்றேன். தொழிற்சாலைப் பக்கமிருந்து துரை திடீரென வளைவில் திரும்பி நடந்து வந்தார். தோட்டத்துப் பாதையில் துரை எதிரே வந்தால், எந்த மழையானாலும் நம் சனங்கள் குடையை மடக்கிக்கொண்டு மழைநீர் ஓடும் ஓரத்துக் கானில் இறங்கி நிற்பார்கள். என் அப்பா அப்படி நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று என் குடை மடங்கியதை நான் கவனித்தபோது, சப்பாத்துக் கால்கள் இரண்டும் கான் தண்ணீரில் இருந்தன.

துரை நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் போய், கங்காணிகளோடு பேசுகிற தமிழ் வந்தது.

"ஏய், நீ எந்தத் தோட்டம்?"

"பக்கத்துத் தோட்டமுங்க, தொரை."

"அப்பன் என்னா வேலை?"

"தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுறாருங்க, தொரை."

ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். அந்தக் கணத்தில் வாயில் வந்தது லயத்துப் பேச்சுதான். அவர் தலையசைத்துவிட்டு மேட்டிலிருந்த ஐயாவிடம் ஏறிப்போய் நெடுநேரம் பேசினார்.

பங்களாவுக்குத் திரும்பியபோது விறாந்தையில் ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. சமையல்கார அப்பு குசினிக் கதவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பக்கம் வாங்க. ஒங்க தேத்தண்ணி இங்க இருக்கு. காலையில பூப்போட்ட கோப்பையில குடிச்ச வாயி, இப்ப தகரக் கோப்பையான்னு பாக்காதீங்க. நம்ம ஆளுன்னு அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு கருவாடாச்சும் சுட்டு வச்சிருப்பேன்ல!"

அவர் சிரித்தார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. நின்றபடியே குடித்தேன்.

கார் பாதி வழி வந்ததும் ஐயா கேட்டார்.

"நீர் ஏன் காணும் குடையை மடக்கினீர்?"

"தெரியலிங்க சார். கை தானா மடக்கிருச்சு."

"உம்மட கையை நம்பித்தானே கொண்டு வந்தனான்" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "லயத்து ஆள் மேசை போட்டு இருந்தால் கங்காணிமார் மதிக்க மாட்டினமாம். துரை ஒரே பிடியா நிக்கிறார். எனக்கும் இந்த வேலை வேணும். கொழும்பில இருந்து ஒரு பெடியனைக் கூப்பிடப் போறன்."

"அப்ப என் சோதனைங்க, சார்?"

"வேற வேலை வரட்டும், பாப்பம்."

வேறு வேலைகள் வந்தன. எல்லாம் தோட்டத்து வேலைகள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு துரை இருந்தார். தமக்குக் கொழும்பில் நடந்ததைச் சொல்லி என்னிடமே குமுறிய மனிதர், எனக்கு நடந்ததைக் குறித்து அதன்பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கெட்டவரல்லர். அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றே வைதுவிட்டு வெளியேறியிருப்பேன். அவர் காலமான பிறகு, கொழும்பிலிருந்து வந்த அந்தப் பெடியன்தான் அலுவலகத்தை நடத்துகிறார். நான் அதே ஜன்னலருகே வரைந்துகொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்று படித்த இளைஞர்கள் வந்து கேட்கிறார்கள். நிறைய உண்டு என்று சொல்லிவிட்டு, தம்பிக்கு எந்த ஊர் என்று கேட்கிறேன். தோட்டத்துப் பெயர் வந்தால் பென்சிலைச் சீவத் தொடங்கிவிடுகிறேன்.

குடை மடக்கியதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, நான் பலகையைத் துடைக்குமுன்பே ஐயா வந்துவிட்டார். இடத்தின் வரைபடத்தை என் முன் விரித்தார்.

"லயத்தில இருந்து தொழிற்சாலைக்குப் போற பாதை புது விறாந்தைக்கு நேரே வருது. ஆக்கள் போறது வாறது தெரியக் கூடாதெண்டு துரை சொன்னவர். உமக்குத்தானே அவையின்ர நடமாட்டம் தெரியும்."

"தெரியுமுங்க, சார்."

தாளைப் பலகையில் பொருத்தினேன். விறாந்தையில் நிற்பவரின் கண்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, சரிவை வெட்டி, கூடை சுமந்து போகிறவர்களின் தலைகூட மேலே தெரியாத ஆழத்தில் அந்தப் பாதையை முதலில் வரைந்தேன்.