தம்பிக்குக் கொடுத்த கார்

சபையில் உங்கள் முன்னால் எழும்பி இதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் எடுத்தது. வெட்கம்தான் காரணம். பிழை செய்தவன் என்னுடைய தம்பி. ஆனால் தலை குனிந்து திரிந்தது நான்.

போன நவம்பரில் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், பொலிசில் இருந்து கடிதம். எங்கள் நகரத்துப் பூம்ப்ளிஸ் பகுதியில் சனிக்கிழமை பின்னேரம் ஒரு கார், பாதசாரிக் கடவையில் ஒரு வயதானவரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கண்டவர்கள் கார் நம்பரைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கார் என்னுடைய பெயரில் இருந்தது.

அந்தக் காரை நான் ஓடுவதே இல்லை. அது தம்பி சுதனுக்கு நான் பரிசாகக் கொடுத்தது.

அம்மா சாகும்போது அவனுக்கு ஆறு வயது, எனக்கு இருபது. இந்த நாட்டுக்கு வந்து, ஓஸ்டர்முண்டிகனில் இரண்டு அறை வீட்டில் அவனை நான்தான் வளர்த்தேன். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கும் நான்தான் போவேன். டீச்சர் டொச் பாஷையில் சொல்வதில் பாதி விளங்காது. கலியாணமும் நான் கட்டவில்லை. அவனுக்குக் கிளிநொச்சியில் இருந்து நிரோஷாவைக் கட்டி வைத்தேன். அவள் பிள்ளைத்தாய்ச்சி ஆகி, சத்தி எடுத்துக்கொண்டு தலைச்சுற்றோடு பஸ்ஸில் டொக்டரிடம் போய்வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு வேலைகளும் எடுத்து அந்தக் காரை வாங்கினேன். கார்த் திறப்பை அவன் கையில் வைத்தபோது, "உங்களுக்கு விசரோ அக்கா?" என்று சொல்லிச் சொல்லி அழுதான். பெயர் மாற்றுகிற அலுவலை மட்டும் வாற கிழமை, வாற கிழமை என்று இழுத்துக்கொண்டே இருந்தான்.

கடிதத்தோடு அவனுக்கு போன் எடுத்தேன்.

"சுதன், சனிக்கிழமை கார் எங்கயடா நிண்டது?"

"உங்களிட்டத்தானே அக்கா நிண்டது" என்றான்.

"என்னட்ட எங்கயடா நிண்டது?"

போனை வைத்துவிட்டான்.

விசாரணைக்குப் போன இடத்தில்தான் முழுக்க விளங்கியது. வெள்ளிக்கிழமையே நான் காரை வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அவன் சொல்லியிருக்கிறான். நிரோஷாவும் ஓம் என்று சொல்லியிருக்கிறாள். எதிரில் இருந்த பொலிஸ் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் இருபத்துமூன்று வருசம் பேசிய டொச் எல்லாம் என் வாயில் இருந்து போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை நான் தலையிடியோடு வீட்டில் தனியப் படுத்திருந்தேன். என்னைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

என்னுடைய வேலை, வேலையிடத்துக் காரில் வீடு வீடாகப் போய் வயது போனவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுப்பது. லைசென்ஸ் போனால் வேலை போய்விடும். ஆனால் அதைவிட நெஞ்சைக் கீறியது வேறு. தினமும் அந்த வயதுக்காரர்களைக் கையில் தாங்குகிற நான், ஒருவரை ரோட்டில் விழுத்திவிட்டு ஓடினேன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதக் கொடுத்தது நான் சோறு தீத்தி வளர்த்தவன்.

செபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றால் ஒன்றே ஒன்றுதான் வந்தது. "ஆண்டவரே, அவனைப் பிடித்துக் கொடும்." அப்படிக் கேட்டுவிட்டு எழும்பினால் இன்னும் பாரமாக இருக்கும். இன்னொரு யோசனையும் வந்தது. பிள்ளை பிறக்கப் போகிறது, நானே செய்தேன் என்று ஏற்றுக்கொண்டால் என்ன? அது அன்பு போலவே தெரிந்தது. ஆனால் அது பொய்.

இரண்டாவது விசாரணைக்கு முந்தி மூன்று நாள் உபவாசம் இருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில், வேலைக் காரை ஒரு ஓரமாக நிற்பாட்டிவிட்டு வாய்விட்டு அழுதேன். "நான் பொய் சொல்லக்கூடாது. அவனை வெறுக்கவும் கூடாது. இரண்டும் என்னால் ஏலாது. நீர்தான் செய்ய வேணும்." அவ்வளவுதான் என் செபம்.

மூன்றாம் நாள் மத்தியானம் பெல் அடித்தது. நிரோஷா. ஏழு மாத வயிற்றோடு தனியே வந்திருந்தாள். சுதன் இல்லாமல் அவள் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல்தரம். ஜாக்கெட்டைக்கூடக் கழட்டாமல் கதிரையில் இருந்தாள்.

"மச்சாள், நானும் காருக்குள்ள இருந்தனான். அவர் போனைப் பாத்துக்கொண்டு ஓடினவர். நிப்பாட்டுங்கோ எண்டு கத்தினனான். நிப்பாட்டேல்லை."

"பிறகு ஏன் பொலிசில அப்பிடிச் சொன்னனீ?"

"நான் இஞ்ச விசாவோட இருக்கிறதே அவரை வைச்சுத்தானே. அவரைப் பிடிச்சா என்னையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு சொன்னவர்."

"இப்ப மட்டும் பயமில்லையோ?"

"பயம்தான். ஆனா மூண்டு நாளா ஒரு வாய் சாப்பிடேலாமல் கிடக்கு. கண்ணை மூடினா உங்கட முகம்தான் வருது."

மூன்று நாள். நான் உபவாசம் இருந்தது அவளுக்குத் தெரியாது. நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதேன்.

அடுத்தநாள் மொழிபெயர்ப்பாளரை வைத்து, உள்ளதை உள்ளபடி அவளே சொன்னாள். பிறகு சுதனும் மறுக்கவில்லை. அவனுடைய லைசென்ஸைப் பறித்தார்கள், தண்டனையும் கொடுத்தார்கள். நிரோஷாவை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. என் பெயர் சுத்தமானது.

அடிபட்டவருக்குக் கடிதம் எழுதி, அவர் சம்மதித்த பிறகு போய்ப் பார்த்தேன். பொல்லு ஊன்றி நடக்கிறார். "நீங்கள் செய்யவில்லையே, பிறகு ஏன் வாறீங்கள்?" என்று கேட்டார். "தம்பி வரும் வரைக்கும் நான் வாறன்" என்றேன். இப்போது இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போகிறேன்.

சகோதரங்களே, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன். சுதன் இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளை பிறந்ததும் பார்க்கப் போனேன், அவன் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விட்டான். சில காலைகளில் வெறுப்பு திரும்பி வருகிறது. அப்போது அதே செபத்தைத் திரும்பவும் சொல்கிறேன். அன்றைய நாளுக்கு அது போதுமாக இருக்கிறது.

உங்களிலும் சொந்த இரத்தத்தால் ஏமாற்றப்பட்டவர்கள் இருப்பீர்கள். அழகாகச் செபிக்க வார்த்தை தேடாதேயுங்கோ. ஏலாது என்று அவரிடம் சொல்லுங்கோ. எனக்கு அவர் கதவைத் தட்டி ஆள் அனுப்பினார். அவருக்கு நன்றி. சுதனுக்காக நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் என்னோடு சேர்ந்து கேளுங்கோ.