மாமிக்குத் துணை

சுவிஸில் பிறந்த தமிழ்ப் பிள்ளை பனியில் சறுக்கத் தெரியாமல் வளர்வது குடும்பத்துக்கே மானக்கேடு என்று மாமா நம்பினார். அம்மாவின் தம்பியான அவர் சின்ன வயதிலேயே இங்கே வந்து, பள்ளிக்கூட முகாம்களில் சறுக்கப் பழகியவர். மலைச்சரிவைக் கண்டால் அவருக்குக் கால் தரையில் நிற்காது. பெப்ரவரி விடுமுறையில் அப்பாவுக்கு, நாங்கள் இருந்த துன் நகரத்து ஹோட்டல் சமையலறையில் ஓய்வு கிடையாது. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே எனக்கு ஒன்பது வயதான அந்தக் குளிர்காலத்தில் மாமா என்னையும் தன் புது மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு மலைக்கிராமத்துக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமிக்கு அதுதான் முதல் குளிர்காலம். கார் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வந்தார்.

என்னைப் பனிச்சறுக்குப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் குழந்தைகளுக்கான சின்ன மேட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் ஆசிரியை எங்களை லிஃப்டில் மேலே கொண்டுபோனார். உச்சியில் நின்று கீழே பார்த்தேன். எங்கள் கார் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. கால்கள் இரண்டும் சொல்வழி கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போக, என்னை மட்டும் ஆசிரியை தன் கால்களுக்கிடையில் நிறுத்திக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். வழி முழுவதும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குப் போட்டி, அதை வீடியோ எடுத்துக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பப்போகிறேன் என்று அவர் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் நடனத்தில் பதக்கம் வாங்கியதிலிருந்து, எங்கள் பக்கத்துக்கும் ஏதாவது வேண்டுமென்று அவருக்கு ஓர் ஏக்கம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததை மாமி மட்டும் பார்த்தார். பயமென்று சொல்ல வெட்கம். சொல்லாவிட்டாலோ அந்த மலை.

மூன்றாம் நாள் காலை சப்பாத்து கடிக்கிறது என்றேன். மாமா கடைக்குக் கொண்டுபோய் மாற்றி வந்தார். அதுவும் கடிக்கிறது என்றேன். அவருக்குப் பொறுமை போகத் தொடங்கிய நேரத்தில் மாமி வந்து என் முன்னால் குந்தினார். காலுறையைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிவந்துபோய்க் கிடக்கு. இனி இந்தச் சப்பாத்து பிள்ளைக்குச் சரிவராது," என்றார்.

மாமா எட்டிப் பார்ப்பதற்குள் காலுறை திரும்பவும் ஏறிவிட்டது. வலிக்காத கால் எப்படிச் சிவந்தது என்று எனக்கே வியப்பு. ஆனால் பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மாமி, அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல இன்னொன்றைச் சொன்னார். ஆற்றோரமாகச் சிலர் மெல்லிய பலகைகளில் வழுக்கி வழுக்கி நடந்து போவதைக் கண்டாராம். அதற்கு லாங்லௌஃப் என்று பெயர், அது பென்ஷன்காரரின் விளையாட்டு என்றார் மாமா. மாமிக்கு அதைப் பழகிப் பார்க்க ஆசையாம். அதற்குரிய சப்பாத்தும் மெத்தென்று இருக்குமாம். தனியே போகத்தான் பயமாம். மாமா அரை மனதோடு தானே வருவதாகச் சொன்னதற்கு, மலைக்கென்று வந்தவர் மலைக்கே போகட்டும், துணைக்குப் பிள்ளை வந்தால் போதும் என்று முடித்துவிட்டார்.

துணை என்றதும் மாமா தன் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். எங்கள் ஆட்களிடம் துணை என்ற சொல்லுக்கு அப்படியொரு செல்வாக்கு. ஒரு பெண் வெளியே போக, இடுப்புயரத்தில் ஒரு பிள்ளை கூடப் போனால் போதும். அந்தப் பிள்ளை யாரை எதிலிருந்து காக்கும் என்று எவரும் கேட்பதில்லை. பல் வைத்தியரிடம் போகும்போது அம்மாவே என்னைத் துணைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். எனக்கோ மனதிலிருந்த பாரம் முழுவதும் அந்த நிமிடமே இறங்கிவிட்டது. இனி மலைக்குப் போகத் தேவையில்லை. அதற்குக் காரணம் கடமை என்று வேறு சொல்லிக்கொள்ளலாம்.

கடையில் மாமிக்காக நான்தான் ஜெர்மனில் பேசினேன். பலகைகள் முருங்கைக்காய் மாதிரி நீண்டு மெலிந்திருந்தன. சப்பாத்தின் நுனி மட்டும் அதில் கொளுவும், குதி சும்மா எழும்பும். வெளியே பனியில் டிராம் தண்டவாளம்போல இரண்டு கோடுகள் வெட்டியிருந்தார்கள். நான் முன்னால் போனேன், மாமி பின்னால் வந்தார். வருகிறாரா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

நான் நிறைய விழுந்தேன். நான் விழுந்தால் சற்று நேரத்தில் மாமியும் விழுவார். எழும்ப முடியாமல் இருவரும் உருண்டு உருண்டு சிரித்தோம். பாவம், மற்றவர் விழுவதைப் பார்த்தால்கூட இவருக்கு நிற்க முடியவில்லையே என்று நினைத்தேன். எப்படி எழும்புவது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்ததும் நான்தான்.

வியாழக்கிழமை சற்றுத் தூரம் போனோம். ஓரிடத்தில் தடம் சரிந்து ஒரு மரப்பாலத்துக்கு இறங்கியது. பெரிய இறக்கமில்லை. ஆனாலும் என் கால்கள் மறுபடியும் மக்கர் பண்ணின. மாமி பக்கத்தில் வந்து நின்றார். கீழே பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கெண்டால் நடுங்குது, பிள்ளை. நீ முன்னால போனால்தான் நான் வருவன்."

துணைக்கு வந்தவள் வேறென்ன செய்வது? முழங்காலை மடக்கிக்கொண்டு போனேன். காதில் காற்று இரைந்தது. பாலம் வந்துவிட்டது, நான் இன்னும் விழாமல் நின்றுகொண்டிருந்தேன். அந்த மகிழ்ச்சியில் கத்த வேண்டும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் மாமி இறங்கி வருகிறார். ஊன்றும் தடிகளைக் கக்கத்தில் அடக்கி, முழங்காலை மடக்கி, ஆட்டம் அசைவில்லாமல் வந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும், பலகை தானாகவே நிற்கப்போன இடத்தில், மெல்லப் பனியில் உட்கார்ந்தார். கடைசி நேரத்தில் விழுந்துவிட்டாரே என்று கவலைப்பட்டு, கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாமா போட்டிக்குப் பதிலாக எங்களை வீடியோ எடுத்தார். மருமகள் தன் மாமியைக் கவனமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று அதில் அவர் பெருமையாகச் சொல்வது கேட்கும். கனடாவிலிருந்து பாராட்டு வந்தது.

துனுக்குத் திரும்பியதும் அம்மா என் கை கால்களைத் தடவிப் பார்த்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று பெருமூச்சு விட்டார். எப்படிப் போனது என்று அப்பா கேட்டார். மாமிக்குச் சரியான பயம், நான்தான் பார்த்துக்கொண்டேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம் மச்சாள், பிள்ளை இல்லாட்டி நான் அவ்வளவுதான்," என்றார் மாமி அம்மாவிடம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மாமி பயந்தாங்கொள்ளி. பனி என்று யார் பேச்செடுத்தாலும் அந்தக் கதை வரும். மாமி தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே ஆமென்று தலையாட்டுவார். உண்மையில் பயந்தது யார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்கு அது அந்த வாரம் முடிவதற்குள்ளேயே மறந்துபோயிருந்தது.