கையெழுத்துப் போடாதவர்

சாய ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மக்கள் பேசுவதைத் தட்டச்சு செய்வது என் வேலை. அன்று எதிர்த்துப் பேசியவர் அனுமந்தன்பட்டி வாழை விவசாயி ஒருவர் மட்டுமே. சட்டை முழுக்க வாழைக்கறை. யாரோ ரேகை எடுத்துவிடுவார்கள் என்பதுபோல் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருந்தார். கிணறுகள் கெட்டுப்போகும் என்று அவர் சொன்னபோது மண்டபமே அவர் பக்கம் திரும்பியது.

வருகைப் பதிவேட்டை நீட்டினேன். "கையெழுத்துப் போடுங்கய்யா."

"மாட்டேன் தம்பி. போன கூட்டத்துல வருகைக்குன்னு சொல்லித்தான் வாங்குனாக. பெறகு சம்மதம்னு எழுதிட்டாக."

"போடலைன்னா நீங்க பேசினது பதிவாகாது."

"இம்புட்டுப் பேரு கேட்டாகல்ல, போதாதா?"

போதவில்லை. கூட்டத்தை நடத்திய அதிகாரி சொன்னபடி அவர் பேச்சை நீக்கினேன். 'எதிர்ப்பு ஏதுமில்லை' என்று தட்டியதும் நான்தான். அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் வேறு என்ன தட்டியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.