கோடையில் திறந்திருந்த பள்ளிக்கூடம்

பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தில் இனிமேல் கோடைக்கு இரண்டு மாத லீவு கிடையாதாம். வருஷம் முழுக்கப் பாடம், நடுநடுவே பத்துப் பதினைந்து நாள் லீவு. “இப்படி ஒரு பள்ளிக்கூடத்தை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா அத்தை?” என்று மருமகள் கேட்டாள். கேள்விப்படுவதாவது? நான் படித்ததே அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில்தான். படித்தது மூன்றாம் வகுப்பு வரை. இன்றைக்கும் பேப்பரை நானே கூட்டி வாசித்துக்கொள்கிறேன், யாரையும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. அம்மாவும் அப்பாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். புரட்டாசியில் நடவு, தை மாதம் அறுப்பு. அந்த நாட்களில் எங்களைப் போன்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்க மாட்டார்கள். நாற்று முடி தூக்கிக் கொடுக்க ஆள் வேண்டும். சேர்ந்தாற்போல வராவிட்டால் வாத்தியார் பெயரை அடித்துவிடுவார். அக்காவின் படிப்பு அப்படித்தான் நின்றது. கோடையில் வயல் வெடித்துக் கிடக்கும், எங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது. அப்போது பார்த்துப் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவார்கள்.

புதிதாக வந்த சார்தான் இதை மாற்றினார். வீடு வீடாக வந்து, “சித்திரை வைகாசியில நான் பாடம் நடத்துறேன். நடவுக்கும் அறுப்புக்கும் லீவு விட்டுடுறேன்” என்றார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். “நடவு கெடாதுன்னா வரட்டும் சார். கெட்டுச்சுன்னா இவளும் அக்கா மாதிரிதான்.”

கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடையில் சாமான் மடித்துத் தரும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

சித்திரை வெயிலில் ஓட்டுக் கட்டடத்துக்குள் உட்கார முடியாது. புளியமரத்தடியில் பாடம். மாமா ஊர்த் திருவிழாவுக்குப் போக முடியவில்லை என்று அழுதவர்கள் உண்டு. சார் வீட்டம்மா, “ஊருக்கெல்லாம் லீவு, எனக்கு மட்டும் இந்தப் பொட்டல்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். ஆனால் படித்த எழுத்து மறக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் லீவு முடிந்து போனபோது ‘அ’னாவிலிருந்து தொடங்கவேண்டி இருந்தது.

நடவு முடிந்து திரும்பிய அன்று சார் வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். பெயர் கூப்பிடவில்லை, நாங்களும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லவில்லை.

“என்ன சார் எழுதுறீங்க?”

“கோடையில வந்தீங்கல்ல, அந்த நாளையெல்லாம் இங்க கொண்டாந்து வெக்கிறேன்.”

ஒரு நாளை எப்படித் தூக்கிவந்து இன்னோர் இடத்தில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். தன்மையான மனிதர். என்னை வாசிக்கச் சொன்னார். ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தேன். பிறகு என் காலைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் புண், மேலே மஞ்சள் பற்று.

“கால்ல என்னம்மா?”

“சேத்துப்புண்ணுங்க. நடவுக்குப் போனேன்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“எல்லா நாளுமுங்க. பெரியவங்களுக்குச் சமமா நட்டேன். எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் பாருங்க.”

பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு காலை நீட்டினார்கள். அவர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். நடவு நாள் அத்தனையிலும் நாங்கள் வகுப்பில் இருந்ததாக எழுதியிருந்தது. சாரை வெளியே அழைத்துப் போய் நெடுநேரம் பேசினார்.

திரும்பி வந்த சார், “சரியாத்தாம்மா சொன்ன, உக்காரு” என்றார். பாராட்டுகிறார் என்று எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பொங்கலுக்கு முன் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் கோடையில் பூட்டினார், நடவில் என் பெயரை அடித்தார். அதெல்லாம் பிறகு. சார் கிளம்பிய அன்று, அவர் குடையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நானும் போனேன்.

“எந்த ஊருக்கு சார்?”

“சீர்காழிப் பக்கம்மா.”

“அங்கயும் கோடையில பள்ளிக்கூடம் உண்டா?”

“இல்லம்மா. எல்லா ஊரு மாதிரிதான்.”

“அந்த ஊருப் பிள்ளைங்க பாவம் சார்” என்றேன். அவர் குடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். நடவு வந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.