மாயையை ஒப்புக்கொண்ட மதிய விருந்து

இன்று மலேசியாவின் கிள்ளான் நகரில் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. விருந்தில் என் பக்கத்து இலையில் அவளுடைய மாமனார் உட்கார்ந்தார்.

"நீ காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிறதானேமா? எலக்ட்ரான் நாம பார்த்தாதான் இருக்கு, பார்க்கலைன்னா இல்ல. நம்ம ரிஷிங்க மாயைன்னு சொன்னது அதைத்தானே லா?"

"அங்க பார்க்கிறதுன்னா கருவி வெச்சு அளக்கிறது, அங்கிள். கண்ணால பார்க்கிறது இல்ல."

"அதேதான்மா, ஞானக்கண்!"

வரிசையில் எல்லாரும் பாயாசமே முடித்துவிட்டார்கள். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்காமல் யாரும் இலையை மடித்து எழுவதில்லை. அந்தக் கடைசி ஆள் இவர். சோறு அப்படியே இருந்தது. அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

அந்தப் பக்கமிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஆமான்னு சொல்லிடு கண்ணு. அப்பதான் இவரு சோத்துல கை வைப்பாரு."

"இருக்கலாம், அங்கிள்" என்றேன். மளமளவென்று சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவிவிட்டு வந்து போனைப் பார்த்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதியிருக்கிறார்: "மாயை உண்மை. நம்ம பிசிக்ஸ் லெக்சரரே ஒப்புக்கொண்டார்."

அந்தக் குழுவில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி என் வகுப்பு மாணவி. அதற்குக் கீழேயே கேட்டுவிட்டாள்: "மேடம், அப்போ டெஸ்ட்ல இப்படி எழுதலாமா?"

எழுதக்கூடாது என்று எல்லார் முன்னாலும் நான் சொல்லியாக வேண்டும். நாத்தனாரின் மாமனாரும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

சம்பந்தி வீட்டாரிடம் மரியாதை குறையாமல் 'இல்லை' சொல்லத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், சீக்கிரம் கீழே எழுதுங்கள்.