வாய் முகூர்த்தம்

சாயங்காலமானால் வைகைக் கரையோரம் புதிதாகப் போட்டிருக்கிற சாலையில் நானும் நடக்கிறேன். சர்க்கரை வந்ததால் வந்த ஒழுக்கம், தானாக வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். நேற்று எனக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பையன், "மாப்ள, நில்லுடா!" என்று கத்தினான். கூப்பிட்டது அவன் சினேகிதனை. நின்றது நான்.

மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே மாப்ள என்று கூப்பிடப் பெண் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. டீ மாஸ்டரும் மாப்ளதான், பஸ் கண்டக்டரும் மாப்ளதான், சட்டையைப் பிடிக்க வருகிறவனும் மாப்ள என்றுதான் ஆரம்பிப்பான். எனக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டால் சோப்பும் நீலமும் கலந்த ஈரத்துணி வாசனை வந்துவிடுகிறது.

அந்த வாசனை எங்களுடைய பழைய நடையின் வாசனை. அப்போது நான் தல்லாகுளத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பறை வேலை, பெண்கள் விடுதியில் ஜாகை. நான் காதலித்த அவர் கட்டட வரைபடம் போடுகிற ஆபீஸில் இருந்தார், விளாங்குடியில் வாடகை ரூம். இரண்டு பேருக்கும் ஊர் எழுமலைப் பக்கம்தான், வேறு வேறு கிராமம். எங்கள் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அவருடைய தாத்தா காலம்வரை அப்படிப்பட்ட தோட்டங்களில் கூலிக்குப் போன சனம். இதற்கு மேல் என்ன சொல்ல? எங்கள் பக்கத்தில் அப்படிச் சேர்ந்த இரண்டு பேருக்கு என்ன நடக்கும் என்பதைப் பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள். கையில் சூடான டீயோடு படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியும் இருப்பீர்கள்.

ஆகவே எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. உட்காரக் கூடாது. எக்கோ பார்க்கில் பெஞ்சில் உட்கார்ந்த ஜோடியை ஊரே பார்க்கும், வாட்ச்மேன் விசில் ஊதுவார், யாராவது ஒரு சித்தப்பா கிளம்பி வருவார். நடந்துகொண்டே இருப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை, ஏதோ சோலி இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அவர் கையில் ஒரு வரைபடச் சுருளை வைத்துக்கொண்டு முன்னே போவார். நான் கைப்பையோடு கொஞ்சம் தள்ளிப் பின்னே போவேன். பார்க்கைச் சுற்றி, காந்தி மியூசிய மரங்களுக்கு அடியில் போய், கோரிப்பாளையம் தாண்டி ஆற்றுக்குள் இறங்கிவிடுவோம். காதலித்த காலத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம். அந்தச் சுருளைப் பார்த்துவிட்டு ஆற்றில் மாடு மேய்ப்பவர்கள், "தம்பி, இங்கிட்டு ரோடு வருதாக்கும்?" என்று கேட்பார்கள். அவரும் கூசாமல் ஆமாம் என்பார்.

ஆறு என்றதும் தண்ணீரைக் கற்பனை செய்யாதீர்கள். கரையோரம் ஆகாயத்தாமரை மூடிய ஒரு வாய்க்கால், மற்றதெல்லாம் மணலும் கருவேலமும். செல்லூர்ப் பக்கம் சலவைத் தொழிலாளிகள் ஆற்றுக்குள் கயிறு கட்டி ஆஸ்பத்திரி விரிப்புகளை வரிசை வரிசையாகக் காயப்போட்டிருப்பார்கள். அந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே போனால்தான் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடப்போம். மதுரை மாநகரில் எங்களுக்குக் கிடைத்த தனி அறை அதுதான், கதவுக்குப் பதில் படுக்கை விரிப்பு.

ஒரு நாள் அவர் துணி வரிசையைத் தாண்டி வெளியே போய்விட்டார். செருப்பு வார் அறுந்து நான் உள்ளேயே நின்றுவிட்டேன். அப்போதுதான் விரிப்புக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் கேட்டது.

"மாப்ள, கொஞ்சம் நில்லுங்க."

என் அண்ணன் குரல்.

விரிப்பு முழங்காலுக்குக் கீழே இல்லை. அண்ணனுடைய கால் தெரிந்தது, கணுக்காலில் மண்வெட்டி பட்ட தழும்பு. எதிரே அவருடைய கால். அண்ணன் என்மேல் உயிரையே வைத்திருந்தவன். அந்த உயிரை வைத்துத்தான் எனக்குப் பயம். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒருவனை அடித்துப் போடுவதற்கு முன்னால்கூட, இதே மாதிரி மெதுவாக, "மாப்ள, கொஞ்சம் நில்லுங்க" என்றுதான் அவன் கூப்பிட்டிருந்தான். தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அண்ணன் காலருகே ஒரு சாக்கு மூட்டை, உள்ளே கனமாக ஏதோ இரும்பு.

குனிந்து பார்த்தால் அவனுக்கும் என் கால் தெரிந்திருக்கும். துணி உலர்த்திக்கொண்டிருந்த சலவைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிழிந்து வைத்திருந்த ஒரு விரிப்பை எடுத்து, தாழ்வான கயிற்றில் என் முன்னால் தரைவரை தொங்கப் போட்டுவிட்டு தன்பாட்டுக்குப் போனார்.

"இப்பிடியே போனா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போயிரலாமா மாப்ள?"

"போயிரலாம்ணே. அந்தா தெரியுதுல்ல, அந்தக் கரையேறுனா ரோடு."

அவருக்கு அது யாரென்று தெரியாது. என் அண்ணனை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"செல்லூருல மோட்டாரு காயில் கட்டக் குடுத்திருந்தேன். எம்புட்டுக் கனங்கிறீக! தோளு விட்டுப்போச்சு. மாப்ளைக்கு எந்த ஊரு?"

எங்கள் பக்கத்தில் அது ஊரைக் கேட்கிற கேள்வி இல்லை. ஊரைச் சொன்னால் அடுத்தது தெரு. தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும்.

"விளாங்குடிண்ணே."

"பெறந்த ஊரே அதானா?"

ஈரத்துணி என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விலக்கத் தைரியமில்லை.

"எல்லாம் இங்கிட்டுத்தாண்ணே" என்று அவர் சிரித்தார்.

அண்ணனும் சிரித்தான். "சரி, ஒரு கை பிடிங்க மாப்ள." இரண்டு பேருமாக மூட்டையைத் தூக்கினார்கள். அண்ணன் மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, கடித்துப் பாதியாக்கி, மறு பாதியைக் கொடுத்ததை அவர் பிறகு சொன்னார். "தின்னுங்க, நல்லாருக்கும். வாரேன் மாப்ள."

அவன் கரையேறும்வரை நான் அசையவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னபோது அவர் கையில் இன்னும் அந்தக் கொய்யா இருந்தது. "எந்த ஊருன்னு நேராச் சொல்லாம விட்டுட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானோ பயம் தெளிந்ததும் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஆடினேன். "எங்கண்ணே வாயாலயே மாப்ளன்னு சொல்லிருச்சு! வாய் முகூர்த்தம் பலிக்கும் பாருங்க" என்றேன். கடித்த பழத்தைப் பங்கு போட்டவன் தங்கையைக் கொடுக்கமாட்டானா என்பது என் கணக்கு. படித்த பெண் நம்பிய சகுனத்தைப் பாருங்கள்.

அதை நம்பித்தான் அண்ணனிடம் நானே போனில் சொன்னேன். அவன் சாதியை மட்டும்தான் கேட்டான். ஆற்றுக்குள் அவன் பழம் பங்கு போட்ட ஆள்தான் என்றும் சொன்னேன். அப்புறம் அண்ணன் காறித் துப்பிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நாங்கள் சென்னையில் பதுங்கியதும், போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டதும், அப்பா சாவுக்கு என்னைத் தெருமுனையோடு நிறுத்தியதும் பெரிய கதை. அதை ஆற விட்டுவிடுகிறேன்.

இப்போது அண்ணன் வருகிறான். வயதும் நோயும் யாரைத்தான் விட்டன? மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குகிறான், சாப்பிடுகிறான், என் மகளை மடியில் போட்டுக் கொஞ்சுகிறான். போன வாரம் மூன்று பேருமாக இந்தக் கரையோரம் நடந்தோம். துணி காய்ந்த மணலை முள்ளும் சாக்கடையும் எடுத்துக்கொண்டன. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். ஆற்றுக்குள் இறங்கிக் குறுக்கே நடக்க வழியே இல்லை. இப்போது நாங்கள் பெஞ்சில் உட்காரலாம், யாரும் விசில் ஊதுவதில்லை.

உட்கார்ந்தோம். சுண்டல் விற்கிறவரை அண்ணன், "மாப்ள, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டான். பொட்டலத்தை வாங்கி, என் வீட்டுக்காரர் பக்கம் மரியாதையாக நீட்டினான்.

"சாப்புடுங்க சார்."

எப்போதும் அப்படித்தான். அன்றைக்குக் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, அவரு ஒனக்கு சாரா?" அண்ணன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "படிச்சவருல்ல தாயி" என்றான். என் வீட்டுக்காரர், விடு என்று கண்ணைக் காட்டினார். அவர் விட்டுவிட்டார். எனக்குத்தான் முடியவில்லை. ஊர் பேர் தெரியாமல் ஆற்றுக்குள் நின்ற ஒருவரை வாய் நிறைய மாப்ள என்று கூப்பிட்ட என் அண்ணன், அவர் மாப்பிள்ளையான நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.