குழாய் வழி

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குன்னூர் முடிந்து தேயிலை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது அந்தக் கடை. கடை என்னுடையது, பெஞ்சு உன்னுடையது என்பார் கடைக்காரர். வேலையில்லாத கிழவன் வேறு எங்கே போவான்.

தடித்த டயர் வைத்த சைக்கிள்களில் மூன்று பையன்கள் வந்து நின்றார்கள். கோயமுத்தூர்ப் பேச்சு. ஒருவன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

“ஏனுங்க தாத்தா, இந்த வழி எங்க போகுதுங்க?”

“எங்கயும் போகாது.”

“மேப்புல கோடு காட்டுதுங்களே.”

“காட்டும்.”

சிரித்துக்கொண்டே போனார்கள். அந்த சைக்கிள்களில் மணி இல்லை. செயின் எண்ணெய் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

செல்லையாவின் சட்டையில் அந்த வாசனை எப்போதும் இருக்கும். நானும் அவனும் ஒரே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தோம். நான் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்தவன். அவன் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவன். லைன் வீட்டை லயம் என்பான், டீயைத் தேத்தண்ணி என்பான். வந்து இறங்கினவர்களை எஸ்டேட் எஸ்டேட்டாகப் பிரித்து அனுப்பினார்கள். அவனை இந்த மலைக்கு அனுப்பினார்கள். கூடவே வந்த தங்கச்சி பூரணத்தையும் அவள் புருஷனையும் எதிர் மலைக்கு அனுப்பினார்கள்.

ஃபேக்டரி வாசலில் நின்றால் அவள் லைனின் தகரக் கூரை தெரியும். கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கும். பஸ்ஸில் போனால் ஊரைச் சுற்றி, இன்னொரு பஸ் மாறி, அப்புறம் ஏற்றம் நடந்து, பாதி நாள் போய்விடும். நடுவில் ஒரு பள்ளம், ஒரு சோலை, ஒரு ஓடை. அவ்வளவுதான்.

பூரணத்தின் புருஷன் கேரளா பக்கம் மரம் வெட்டப் போனவன், திரும்பவில்லை. அவள் எஸ்டேட் வேலையை விட்டால் வீடும் போய்விடும். இங்கே எங்களுக்கு இருந்தது ஒரே அறை, அதில் நாலு ஆம்பிளைகள். அதனால் அவள் அங்கே, அவன் இங்கே.

“பாதை இருக்கும் மச்சான்” என்பான் செல்லையா. “மாடு போகுது, வெறகுக்காரி போறா. நமக்கு இல்லாமலா இருக்கும்?”

ஞாயிறு ஆனால் கிளம்பிவிடுவோம். கற்பூர மரக் காட்டுக்குள் போனோம். சீகைக் காட்டுக்குள் போனோம். ஒருமுறை நன்றாக மிதிபட்ட பாதை ஒன்று கிடைத்தது. சந்தோஷமாக நடந்தோம். அது ஒரு சேற்றுக் குட்டையில் போய் முடிந்தது. சுற்றிலும் காட்டுமாட்டுச் சாணம். மாடு போட்ட ரோட்டில் மனுசன் போனால் மாட்டு வீட்டுக்குத்தானே போவான். காலெல்லாம் அட்டை. பீடித்தூளைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம்.

கடைசியில் கிடைத்தது குழாய் வழி. மேலே ஓடையில் கட்டிய தடுப்பணையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் வரும் இரும்புக் குழாய் அது. அதை ஒட்டி ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு தடம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. இந்த மலையில் அப்படி ஒரு சமதளத்தை நான் பார்த்ததில்லை. அணை வரை போய், ஓடையைத் தாண்டி, தேயிலைக்குள் ஏறினால் பூரணத்தின் வீட்டுக் கொல்லை.

செல்லையா அதற்காகவே ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். குழாய் வழிக்கு இறங்கும் படிகளில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போவோம். ஃபேக்டரி ஆட்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

“ஏனப்பா, நீங்க சைக்கிள்ல போறீங்களா, சைக்கிள் உங்க மேல போகுதா?”

நானும் ஓட்டிப் பார்த்தேன். நேராகத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தேன். அதற்குப் பிறகு பின்னால் நடந்தே போனேன்.

பனிமூட்டத்தில் காட்டுமாடு நிற்பது தெரியாது. அதனால் மணியை அடித்துக்கொண்டே போவான். அந்தச் சத்தம் பள்ளத்தைத் தாண்டிப் பூரணத்துக்குக் கேட்கும். கேட்டதும் கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவாள். நாங்கள் போய்ச் சேரும்போது தேத்தண்ணி கொதித்திருக்கும். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருக்கும். இந்த மலையில் தேங்காய் விலைக்குச் சம்பல் அரைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

“மணிச் சத்தம் மெதுவா வந்துச்சு. அண்ணன் இன்னிக்கும் விழுந்தீங்களோ?” என்று என்னைக் கேட்பாள். அதிகம் பேசமாட்டாள். கேட்கிற ஒன்றைச் சரியாகக் கேட்பாள்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. எதிர் மலைப் பக்கத்து ரோடு சரிந்துவிட்டது. பஸ் இல்லை, எஸ்டேட் லாரியும் வெளியே வர முடியவில்லை. பூரணத்துக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது என்று ஓடை தாண்டி வந்த ஓர் ஆள் சொன்னான். நாங்கள் ஷிப்டை விட்டுவிட்டுப் போனோம்.

கம்பளியில் தூளி கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினோம். அணைப் பக்கம் வந்ததும் அங்கே விட்டிருந்த சைக்கிளின் கேரியரில் உட்கார வைத்தோம். செல்லையா தள்ளினான். நான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். லேசாகத்தான் இருந்தாள்.

பாதி வழியில் காட்டுமாடு. ஒற்றைக் காளை. ஒரு பக்கம் மண் சுவர், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் அது. செல்லையா மணி அடித்தான். போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்தான். குழாயைத் தாங்குகிற கல்மேடை ஒன்று இருந்தது. அதில் அவளை இறக்கி உட்கார வைத்தோம். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அடிக்காதண்ணே” என்றாள். “அதுவும் மழைக்குத்தான் நிக்குது.”

அவன் நிறுத்திவிட்டான். நின்றோம். பிறகு காளை தானாகவே சரிவில் ஏறிப் போனது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு அது நீளமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். டாக்டர் யாரையும் திட்டவில்லை. மறுநாள் விடிகாலை பூரணம் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, இலை அள்ளிக்கொண்டிருக்கும்போது செல்லையா கேட்டான்.

“மச்சான், வழி தெரியாமலே இருந்திருந்தா, லயத்திலேயே, அவ பாயிலேயே போயிருப்பா இல்ல?”

நான் கூடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அதற்குப் பிறகு அவன் சைக்கிளைத் தொடவில்லை. ஈரோட்டுப் பக்கம் மில் வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். தேடிப் போக எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம்.

பின்னால் வந்த ஒரு மழையில் அணைப் பக்கத் தடம் மண்ணோடு போனது. ஊருக்கு வேறு குழாய் போட்டார்கள். எதிர் மலை லைனைக் காலி செய்துவிட்டார்கள். கூரைத் தகரத்தையும் கழற்றிப் போனார்கள். இப்போது அங்கே உண்ணிச்செடி. ஃபேக்டரியும் மூடியாகிவிட்டது.

வெயில் சாய்ந்தபோது பையன்கள் திரும்பி வந்தார்கள். முழங்கால் வரை சேறு.

“நீங்க சொன்னது சரிதானுங்க தாத்தா. பாதியில சரிஞ்சு கிடக்குது. ஆனா அங்க ஒரு கல்லு மேடை இருக்குதுங்க. உட்கார நல்லா இருந்துச்சு.”

போனைக் காட்டினான். மூன்று பேரும் மேடையில் நெருக்கி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். கல்லில் பாசி பிடித்திருக்கிறது. பின்னால் பள்ளம், பனி.

“அந்த மேடை எதுக்குங்க தாத்தா?”

“குழாயைத் தாங்க” என்றேன்.